சைக்காலஜியை விட்டு மனநல நர்ஸிங்குக்கு மாறலாமா?

இரண்டாம் வருஷம் · டர்பன், தென்னாப்பிரிக்கா · 3 ஏப்ரல் 2025

பி.ஏ. சைக்காலஜி இரண்டாம் வருஷம். கிளினிக்கல் மாஸ்டர்ஸில் கையளவு இடம், அதற்கு நாடு முழுக்க வரிசை. பெரியம்மா ரிட்டயர்ட் நர்ஸ். "நாலு வருஷ நர்ஸிங்கில் சேர், ஜெனரல், மகப்பேறு, கம்யூனிட்டி, சைக்கியாட்ரி நாலும் ஒரே சர்ட்டிஃபிகேட்டில் வந்துவிடும்" என்கிறார். எனக்கு மனநல வார்டுதான் வேண்டும். உட்கார்ந்து பேசுவதும் கேட்பதும் எனக்கு வரும். ஊசி, ரத்தம், பெட்பேன் எல்லாம் அங்கே குறைவு என்றும் கேள்வி. மாறலாமா? தெரிந்தவர்கள் நேராகச் சொல்லவும். "மனசு சொல்றதைக் கேள்" வேண்டாம்.

மரூன் பட்டி · பீட்டர்மாரிட்ஸ்பர்க் · 3 ஏப்ரல், இரவு

இரண்டு தப்பு இருக்கிறது. ஒன்று பெரியம்மாவுடையது, இன்னொன்று உன்னுடையது.

பெரியம்மா சொன்ன படிப்பு ஆர் 425 விதிமுறையில் நடந்தது. அவர் காலத்துக்குச் சரி. அதில் புதுச் சேர்க்கை 2019 டிசம்பரோடு முடிந்துவிட்டது. இன்று பல்கலைக்கழகத்தில் இருப்பது ஆர் 174. நாலு வருஷப் பட்டம், முடித்தால் நர்ஸ், மிட்வைஃப் என்று பதிவு. மனநலம் பாடமாக வரும், வார்டுக்கும் அனுப்புவார்கள். ஆனால் நர்ஸிங் கவுன்சில் பதிவேட்டில் உன் பெயருக்கு எதிரே சைக்கியாட்ரி என்ற வரி வராது. அந்த வரி வேண்டுமென்றால் பட்டத்துக்கு மேலே மனநல நர்ஸிங்கில் ஒரு வருஷ போஸ்ட்கிராஜுவேட் டிப்ளமா. நடுவில் ஒரு வருஷம் கம்யூனிட்டி சர்வீஸ் கட்டாயம். பல இடங்களில் பதிவான நர்ஸாக இரண்டு வருஷ வேலை அனுபவமும் கேட்பார்கள். மொத்தத்தில் ஏழு வருஷம் என்று வைத்துக்கொள்.

மூன்று வருஷ டிப்ளமா ஆர் 171 என்று ஒன்றும் உண்டு. அதை முடித்தும் நேராக அந்த போஸ்ட்கிராஜுவேட்டுக்குப் போகலாம்.

உன்னுடைய தப்பு "ரத்தம் குறைவு". அதைப் பற்றி நாளைக்கு.

ராத்திரி டூட்டி · ஃபீனிக்ஸ் · 4 ஏப்ரல்

ரத்தம் குறைவாம்! க்ளோஸபின்ங்கற மனநோய் மருந்தைப் புதுசா ஆரம்பிச்சவங்க பத்துப் பேர் வார்டுல இருந்தா வாரம் பத்து ட்யூப் எடுக்கணும் தங்கச்சி. பெட்பேனும் உண்டு. மலம் போச்சா இல்லையான்னு தினம் கேட்டு எழுதற வார்டு எங்களோடதுதான். ஏன்னு பின்னாடி சொல்றேன், சாப்பிட்டுட்டு வா.

ராத்திரி டூட்டி · 4 ஏப்ரல், அடுத்த நிமிஷம்

அக்கா, ஒரு திருத்தம். நம்ம தேசியத் தகுதி அடுக்குல ஆர் 171 டிப்ளமா லெவல் ஆறு. போஸ்ட்கிராஜுவேட் டிப்ளமா லெவல் எட்டு. ஆறுலேர்ந்து எட்டுக்குத் தாவ முடியாது. நடுவுல லெவல் ஏழுல அட்வான்ஸ்டு டிப்ளமா ஒண்ணு முடிக்கணும்.

மரூன் பட்டி · 4 ஏப்ரல்

சரிதான், நான் எழுதியது தப்பு. அப்படியே விட்டு வைக்கிறேன், இதே தப்பை நம்பிச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். மூன்று வருஷ டிப்ளமா சீக்கிரம் சம்பளத்துக்குப் போக நல்ல வழி. சைக்கியாட்ரிக்குக் குறுக்குவழி அல்ல. கல்லூரியில் சேரும் முன் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "இந்தப் படிப்புக்கு நர்ஸிங் கவுன்சில் அங்கீகாரக் கடிதம் இருக்கிறதா, எந்த ஆர் எண்ணில்?" கடிதத்தைக் காட்டத் தயங்கும் தனியார் கல்லூரியிலிருந்து எழுந்து வந்துவிடு. சேர்ந்தபின் மாணவியாகவும் கவுன்சிலில் பதிவு ஆக வேண்டும். அது நடக்கவில்லையென்றால் நீ வார்டில் நின்ற மணிநேரங்கள் எண்ணிக்கையில் ஏறாமல் போகலாம்.

மரூன் பட்டி · 5 ஏப்ரல்

இப்போது ரத்தம்.

மனநல நர்ஸ் பேசுகிறவர் என்பது பாதி. மீதிப் பாதி, வார்டில் உடம்பைப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆளாகப் பல நேரம் நிற்பவர். டாக்டர் காலையில் ஒரு சுற்று வந்து போவார். சைக்காலஜிஸ்ட் அப்பாயின்ட்மென்டில் வருவார். இரவு இரண்டு மணிக்கு "இவர் இன்றைக்கு வேறு மாதிரி நடக்கிறார்" என்று சொல்ல நர்ஸ்தான் இருப்பார்.

லித்தியத்தையே எடுத்துக்கொள், மனநிலை ஏறி இறங்குவதைக் கட்டுப்படுத்தும் மருந்து. ரத்தத்தில் அதன் அளவு வழக்கமாக 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை. 1.5 தாண்டினால் நஞ்சு. நல்லதற்கும் கெட்டதற்கும் நடுவே இவ்வளவுதான் இடம். ரத்தம் எடுப்பது கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. இரவு எட்டு மணிக்கு மாத்திரை என்றால் காலை எட்டு மணிக்கு ரத்தம், அதற்குப் பிறகுதான் காலை மாத்திரை. அவசரத்தில் மாத்திரையைக் கொடுத்துவிட்டு ரத்தம் எடுத்தால் அளவு ஏறித் தெரியும், டாக்டர் டோஸைக் குறைப்பார், இரண்டு வாரத்தில் மேனியா, அந்தக் கட்டுக்கடங்காத உற்சாகம், திரும்பும்.

இன்னொரு கண்ணி, ட்யூப். பச்சை மூடி ட்யூபில் ரத்தம் உறையாமலிருக்கப் போட்டிருப்பது பெரும்பாலும் லித்தியம் ஹெப்பாரின். பெயரிலேயே லித்தியம்! அதில் எடுத்து அனுப்பினால் ட்யூபின் லித்தியமும் சேர்ந்து எண்ணில் வரும். ஆள் டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், லேப் போன் செய்து "உயிருக்கு ஆபத்து" என்று அலறும். எடுக்க வேண்டியது மஞ்சள் மூடியிலோ சிவப்பு மூடியிலோ.

எதிர்ப்பக்கமும் உண்டு. கை கொரகொரவென்று பெரிதாக நடுங்குகிறது, நடை தள்ளாடுகிறது, வாந்தி, பேதி, பேச்சு குழறுகிறது. அப்போது லேப் எண்ணுக்குக் காத்திருக்காதே. அடுத்த டோஸை நிறுத்து, டாக்டரைக் கூப்பிடு. லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு மெல்லிய விரல் நடுக்கம் சகஜம். கோப்பையிலிருந்து டீ சிந்துகிற அளவுக்கு வந்தால் அது வேறு. தினமும் அந்தக் கோப்பையை நீட்டுகிற ஆளுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

மருந்து மேசை · சாட்ஸ்வொர்த் · 5 ஏப்ரல்

பார்மசி பக்கத்திலிருந்து ஒரு சேர்க்கை. லித்தியம் சாப்பிடுகிறவர் முதுகுவலிக்கு கடையில் ஐபுப்ரோஃபென் வாங்கிச் சாப்பிட்டாலே அளவு ஏறும். பிரஷருக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயஸைடு, எனாலாப்ரில் இரண்டும் ஏற்றும். நம் வீடுகளில் ஐம்பது தாண்டினால் இந்த இரண்டில் ஒன்று பெட்டியில் இருக்கும். வலிக்குப் பாரசிட்டமால் போதும் என்று சொல்லி அனுப்ப வேண்டும்.

அப்புறம் காவடி. பத்து நாள் விரதம், சிலர் உப்பையும் குறைப்பார்கள், தைப்பூசத்தன்று பிப்ரவரி வெயிலில் வெறுங்காலோடு வேர்த்து விறுவிறுத்து நடப்பது. உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தோடு லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். டோஸ் மாறவே இல்லை, ஆனாலும் நஞ்சு. விரதம் இருக்காதே என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், கிளினிக்குக்கும் வராமல் போவார்கள். விரதம் தொடங்கும் முன் வந்து ரத்தம் கொடு, உப்பைக் குறைக்காதே, தண்ணீர் பாட்டிலோடு ஒருவர் கூட நடக்கட்டும் என்று சொன்னால் கேட்பார்கள்.

இரண்டாம் வருஷம் · 6 ஏப்ரல்

எங்கள் பாடத்தில் லித்தியம் ஒரு பத்தி. "மூட் ஸ்டெபிலைஸர்" என்று முடித்துவிட்டார்கள்.

ராத்திரி டூட்டி · 6 ஏப்ரல்

வாக்கு கொடுத்த மலக்கதை.

க்ளோஸபின், மத்த மருந்து எதுவும் கேக்காதவங்களுக்குக் கடைசியா வர்ற மருந்து, நல்லா வேலை செய்யும். எல்லாரும் பயப்படறது வெள்ளணு குறையறதுக்கு. அதுக்குத்தான் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம், அப்புறம் மாசாமாசம். காய்ச்சல், தொண்டைவலின்னு சொன்னா அன்னைக்கே ரத்தம். அதையெல்லாம் எல்லாரும் ஒழுங்காப் பாக்கறாங்க. நழுவறது மலச்சிக்கல்ல. க்ளோஸபின் குடலை அசையவிடாம தூங்க வெச்சிடும். அடைப்பாகி ஆள் செத்தும் போகலாம். அவங்களா வந்து சொல்லமாட்டாங்க, கேட்டாலும் "போச்சு"ன்னு பொதுவாச் சொல்வாங்க. அதனால கேக்கறது எப்படின்னா, "இன்னைக்குப் போச்சா? நேத்து? கெட்டியா, இளகலா?" மூணு நாள் இல்லைன்னா வயித்தைத் தொட்டுப் பாரு. உப்பியிருக்கு, வலிக்குது, வாந்தி எடுக்கறார்னா அது மலச்சிக்கல் இல்ல, அவசரம்.

48 மணி நேரத்துக்கு மேல மருந்து விட்டுப்போச்சா? பழைய 300 மில்லிகிராமை அப்படியே திரும்பக் குடுக்கக் கூடாது. 12.5ல இருந்து மறுபடி ஏறணும். லீவுல வீட்டுக்குப் போயிட்டுத் திங்கக்கிழமை வர்றவர்கிட்ட முதல் கேள்வியே "மாத்திரை எத்தனை மிஞ்சியிருக்கு, எடுத்துக் காட்டுங்க". போட்டாரான்னு கேக்காத, எண்ணு.

மருந்து மேசை · 6 ஏப்ரல்

சிகரெட்டையும் எழுது. புகையிலுள்ள தார் ஈரலைத் தூண்டி க்ளோஸபினைச் சீக்கிரம் கரைத்துவிடும். தினம் ஒரு பாக்கெட் ஊதுகிறவர் வார்டுக்கு வந்து சட்டென்று நிறுத்தினால் அதே டோஸில் அளவு எகிறும்: தூக்கம், எச்சில் வடிதல், வலிப்புகூட வரலாம். நிக்கோடின் பேட்ச் ஒட்டினாலும் இது மாறாது, காரணம் நிக்கோடின் அல்ல, புகை. டிஸ்சார்ஜ் ஆகி மறுபடி ஊதத் தொடங்கினால் அளவு விழும், நோய் எட்டிப் பார்க்கும்.

மரூன் பட்டி · 8 ஏப்ரல்

பேச்சுக்கு வருகிறேன், இல்லையென்றால் நீ ஓடிவிடுவாய்.

நீ சொல்கிற "உட்கார்ந்து பேசுவது" சைக்காலஜிஸ்டுடையது. மூடிய அறை, ஐம்பது நிமிஷம். நர்ஸுடையது மூன்று நிமிஷப் பேச்சு, நாளைக்கு இருபது தடவை, ரொட்டி வாங்கும் வரிசையிலும் குளியலறை வாசலிலும். அந்த மூன்று நிமிஷத்தில் மென்டல் ஸ்டேட் எழுதும் அளவுக்குச் சரக்கு எடுக்க வேண்டும்: தோற்றம், நடத்தை, பேச்சு, மனநிலை, முகத்தில் தெரியும் உணர்ச்சி, எண்ணம் ஓடும் விதம், எண்ணத்தின் உள்ளடக்கம், புலன்மயக்கம், நினைவும் கவனமும், தன் நிலை பற்றிய தெளிவு.

புது மாணவர்கள் எழுதுவது: "நோயாளி ஆக்ரோஷமாக இருந்தார்." இது குறிப்பு இல்லை, தீர்ப்பு. எழுத வேண்டியது: "10.20க்கு நாற்காலியை உதைத்தார், இரண்டு தடவை 'அவனுங்க என் சாப்பாட்டில் போடுறானுங்க' என்றார், பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தார், 10.35க்குத் தானாக உட்கார்ந்தார்." சொன்னதை அவர் வாய்வார்த்தையிலேயே, மேற்கோள் குறியோடு, நேரத்தோடு. அடுத்த ஷிப்டுக்கும், கட்டாய அட்மிஷனைச் சரிபார்க்கும் ரிவ்யூ போர்டுக்கும் அதுதான் உதவும்.

தற்கொலை எண்ணத்தை நேராகக் கேள். "தப்பான முடிவு எதுவும் எடுக்க மாட்டீங்கதானே?" என்பது கேள்வியே இல்லை, "மாட்டேன்" என்ற பதிலை நாமே வாயில் ஊட்டுவது. "சாகணும்னு நினைக்கிறீங்களா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கீங்களா?" கேட்பதால் எண்ணம் விதைக்கப்படாது. கேட்டதும் தோள் தளர்ந்து பேசத் தொடங்குவார்கள்.

ராத்திரி டூட்டி · 8 ஏப்ரல்

தற்கொலை எண்ணம் இருக்கறவருக்குப் போடற 15 நிமிஷக் கண்காணிப்பு பத்தி: 10.00, 10.15, 10.30னு மணியடிச்ச மாதிரி போனா, நடுவுல 14 நிமிஷம் யாரும் வரமாட்டாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிடும். 9, 13, 6, 15னு கலைச்சுப் போ. தூங்கறார்னு எழுதறதுக்கு முன்னாடி மூச்சு ஏறி இறங்கறதைப் பாரு, போர்வையைப் பாத்து எழுதாத. ஷிப்ட் ஆரம்பத்துலயே முழுத் தாளுக்கும் கையெழுத்துப் போட்டு வெக்கறவங்க இருக்காங்க. விசாரணைன்னு வந்தா முதல்ல எடுக்கற தாள் அதுதான்.

இரண்டாம் வருஷம் · 9 ஏப்ரல்

ஒருவரை விருப்பமில்லாமல் அட்மிட் பண்ணுவது எப்படி? வீட்டில் போலீஸைக் கூப்பிட்டால் போதும் என்கிறார்கள்.

மரூன் பட்டி · 9 ஏப்ரல்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2002இன் 17ஆம் எண், 2004 டிசம்பர் 15 முதல் நடப்பில். இதைக் கரைத்துக் குடிக்காமல் இந்த வேலைக்கு வராதே.

மூன்று வகை. தானே வருபவர். முடிவெடுக்கும் நிலையில் இல்லை, ஆனால் எதிர்க்கவும் இல்லை என்றால் அசிஸ்டட். எதிர்க்கிறார், தனக்கோ பிறருக்கோ கேடு வரும் நிலை என்றால் இன்வாலன்டரி. அப்போது வீட்டிலிருந்து ஒருவர் விண்ணப்பிக்க வேண்டும், அவர் முந்தைய ஏழு நாளுக்குள் ஆளை நேரில் பார்த்திருக்க வேண்டும். ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் அண்ணன் போனில் கேட்டதை வைத்துக் கையெழுத்துப் போட்டால் செல்லாது. பிறகு இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பார்த்து எழுதுவார்கள். மருத்துவமனைத் தலைவர் ஒப்புக்கொண்டால் 72 மணி நேர மதிப்பீடு.

போலீஸுக்குப் பிரிவு 40இல் அதிகாரம் உண்டு: கடும் கேடு செய்துவிடுவார் என்று தோன்றினால் பிடித்து மருத்துவமனையில் ஒப்படைக்கலாம். ஒப்படைப்பதோடு சரி. அட்மிஷனை முடிவு செய்வது போலீஸ் இல்லை.

மருந்து மேசை · 9 ஏப்ரல்

"இரண்டு டாக்டர்கள்" இல்லை அக்கா. இரண்டு மனநலப் பராமரிப்பாளர்கள். அதில் ஒருவருக்கு உடல் பரிசோதனை செய்யத் தகுதி வேண்டும், அவ்வளவுதான்.

மரூன் பட்டி · 9 ஏப்ரல்

ஆமாம். அவசரத்தில் எழுதினேன், அதுவும் நம் தொழிலுக்கே துரோகமாக. மனநலப் பயிற்சி பெற்ற நர்ஸும் அந்த இருவரில் ஒருவராக இருக்கலாம். சைக்காலஜிஸ்ட், சோஷியல் வொர்க்கர், ஆக்யுபேஷனல் தெரபிஸ்டும் சட்டத்தின் வரையறைக்குள் வருவார்கள். உன் கையெழுத்தில் ஒருவருடைய சுதந்திரம் நிற்கும் நாள் வரும்.

சட்டம் "நோயாளி" என்று சொல்வதில்லை, "யூசர்" என்கிறது. சாட்ஸ்வொர்த்தில் ஒரு தாயிடம் போய் "உங்க பிள்ளை ஒரு யூசர்" என்று சொல்லிப் பாருங்கள்.

ராத்திரி டூட்டி · 10 ஏப்ரல்

😄 அதுவும் "சுகர்ஸ்"ங்கற போதைப்பொருள் புழங்கற ஊர்ல.

அந்த 72 மணி நேரம் எதுக்குன்னு சொல்லணும். பைத்தியமான்னு பாக்கறதுக்கு மட்டும் இல்ல. உடம்பு நோய் மனநோய் வேஷத்துல வருதான்னு பாக்கத்தான் பெரும்பாலும். வந்த உடனே சர்க்கரை, காய்ச்சல், நாடி, பிரஷர், ஆக்ஸிஜன், சிறுநீர். அப்புறம் எச்.ஐ.வி., சிபிலிஸ், தைராய்டு, உப்புகள். நம்ம மாகாணத்துல மூளைக்காய்ச்சல் காசநோயை மறக்கவே கூடாது.

ஒரு சின்ன அடையாளம்: நேத்து வரைக்கும் நல்லாயிருந்த ஐம்பது வயசு ஆள், காலையில தெளிவு, சாயந்திரம் குழப்பம், சுவத்துல பூச்சி ஊருதுங்கறார். இது ஸ்கிஸோஃப்ரீனியா மாதிரி இல்ல. டெலிரியம், உடம்புக் கோளாறால வர்ற மூளைக் குழப்பம். கடைசியா எப்ப குடிச்சார்னு கேளு. குடியை நிறுத்தி ரெண்டு மூணு நாள்ல வர்றது உயிரை எடுக்கும். வலிப்பு அதுக்கும் முன்னாடி, முதல் ரெண்டு நாள்ல. ஹெராயின் கலந்த சுகர்ஸ் நிறுத்தினா மூக்கு ஒழுகும், கொட்டாவி, மயிர்க்கூச்சு, வயித்து முறுக்கு, ரெண்டு மூணு நாள்ல உச்சம். சாகறேன்னு கத்துவாங்க, பொதுவா சாகறதில்ல. சத்தமே இல்லாம வேர்த்துக்கிட்டு நடுங்கிக்கிட்டுக் கிடக்கற குடிகாரர் பக்கம் முதல்ல போ.

இரண்டாம் வருஷம் · 12 ஏப்ரல்

பயமாக இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது. அடிவாங்குவோமா?

மரூன் பட்டி · 13 ஏப்ரல்

வாங்கலாம். முழுக்கத் தவிர்க்க முடியாது, குறைக்கலாம். முடியைக் கட்டு, தொங்கட்டான் வேண்டாம், ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாலையாகப் போடாதே. ஐடி கார்டு நாடா இழுத்தால் பிரிந்துவிடும் வகையாக இருக்கட்டும். இரண்டு கை தூரம் விட்டு, சற்றுப் பக்கவாட்டில் நில். வாசல் உனக்கும் எட்ட வேண்டும், அவருக்கும் எட்ட வேண்டும். வாசலை மறித்து நின்றால் உன்னைத் தள்ளித்தான் அவர் வெளியே போக முடியும். ஒருவர் மட்டும் பேசணும். ஐந்து பேர் ஐந்து பக்கமிருந்து "அமைதி, அமைதி" என்றால் அதுவே கலவரம். அடி விழுவதற்கு முன் பெரும்பாலும் ஒரு "முடியாது" இருக்கும்: சிகரெட் முடியாது, போன் முடியாது, வீட்டுக்குப் போக முடியாது. அதைச் சொல்லும் விதத்தில் பாதி அடி தப்பும். "இப்ப முடியாது, நாலு மணிக்கு போன் தரேன்" என்று சொன்னால் நாலு மணிக்குத் தந்தே ஆக வேண்டும்.

அமைதிப்படுத்த ஊசிதான் வழி என்று ஆனால், போட்ட பிறகுதான் நர்ஸின் வேலை தொடங்குகிறது. முதல் ஒரு மணி நேரம் 15 நிமிஷத்துக்கு ஒருமுறை மூச்சு, நாடி, பிரஷர், ஆக்ஸிஜன், விழிப்பு. லோராஸெபாம் போட்டால் மூச்சைப் பார். ஹாலோபெரிடால் போட்ட இளைஞனுக்கு சில மணி நேரத்திலோ மறுநாளோ கழுத்து ஒரு பக்கம் திருகி, கண் மேலே செருகிக்கொண்டால் அது நடிப்பு இல்லை, வலிப்பும் இல்லை. டிஸ்டோனியா, மருந்தால் வரும் தசை இழுப்பு. பைபெரிடன் 2 மில்லிகிராம் தசையில் போட்டால் சற்று நேரத்தில் இறங்கும். அந்த நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து "இது மருந்தால வந்தது, சரியாகும்" என்று சொல். விட்டுவிட்டுப் போனால் அந்த ஆள் வாழ்நாளில் மறுபடி ஊசிக்குக் கை நீட்ட மாட்டார்.

தனியறையில் அடைப்பது தண்டனையாகக் கூடாது. அடைத்தால் குறைந்தது அரை மணிக்கு ஒருமுறை பார்த்துப் பதிய வேண்டும். தண்ணீர், கழிவறை கேட்டுத்தான் நகரணும்.

மருந்து மேசை · 13 ஏப்ரல்

ஒரே குடும்பப் பெயரில் இரண்டு மனநோய் ஊசி: க்ளோபிக்ஸால் டெப்போ, க்ளோபிக்ஸால் அக்யூஃபேஸ். முதலாவது வாரக்கணக்கில் நிற்கும் பராமரிப்பு ஊசி, 200 மில்லிகிராம் சகஜம். இரண்டாவது இரண்டு மூன்று நாள் நிற்பது, ஒரு தடவைக்கு 50 முதல் 150 வரைதான். அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்றோ ஒரு ராத்திரி மாறும். டெக்கனோயேட், அஸிடேட் என்ற வாலைச் சத்தமாகப் படித்த பிறகுதான் ஆம்ப்யூலை உடைக்கணும்.

மரூன் பட்டி · 15 ஏப்ரல்

மொழி. ஆங்கிலமும் வீட்டுத் தமிழும் வைத்துக்கொண்டு குவாஸுலு நட்டாலில் மனநல நர்ஸிங் ஓட்ட முடியாது. வார்டில் பெரும்பாலானவர்களுக்குத் தாய்மொழி ஸூலு. எலும்பு முறிவு வார்டில் சைகையில் சமாளிக்கலாம். இங்கே பேச்சுதான் எக்ஸ்ரே. ஒரு எடுத்துக்காட்டு: "உஸ்வா அமாஸ்வி?" என்றால் குரல் கேட்கிறதா என்று அர்த்தம். ஆனால் ஸூலுவில் அந்த "ஸ்வா" கேட்பது, உணர்வது, புரிவது எல்லாவற்றுக்கும் சொல். "ஆமாம், கேட்குது" என்பார், அவர் சொன்னது உன் குரலை. மாணவி "புலன்மயக்கம் உண்டு" என்று எழுதிவிடுவாள். அறையில் யாரும் இல்லாதபோது பேச்சு கேட்குதா, யார் மாதிரி கேட்குது, என்ன சொல்லுது என்று பிரித்துக் கேட்க வேண்டும். துப்புரவு செய்கிறவரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்க வைப்பது வழக்கமாக நடக்கும் தப்பு. அவர் அதே தெருக்காரராக இருக்கலாம்.

ராத்திரி டூட்டி · 18 ஏப்ரல், பெரிய வெள்ளி

இன்னைக்கு இஸிபிங்கோ மாரியம்மன் கோயில்ல கூட்டம் நெரியும், அதனால இது. சாமி வந்து ஆடறதும் சைக்கோஸிஸும் ஒண்ணா? கிளினிக்குக்குப் புதுசா வர்ற வேற ஊர் டாக்டர் ஒவ்வொருத்தரும் கேக்கற கேள்வி. சாமி ஆடறவர் இடம், நேரம் பாத்து ஆடுவார், விபூதி போட்டா இறங்குவார், திங்கக்கிழமை வேலைக்குப் போவார், சுத்தியிருக்கற ஜனம் அதைச் சாமின்னு ஒத்துக்கும். நோய்ல வர்றது சந்நிதியில மட்டும் நிக்காது. வாரக்கணக்குல தூங்கமாட்டார், குளிக்கமாட்டார். "இது சாமி இல்ல, என்னமோ வேற"ன்னு வீட்டுப் பாட்டியே சொல்லிடுவாங்க. பாட்டி சொல்றதை அப்படியே ஃபைல்ல எழுது.

ஸூலு வீடுகள்ல முதல்ல சங்கோமாங்கற பாரம்பரிய வைத்தியர்கிட்ட போவாங்க. கிண்டல் பண்ணாத. என்ன முத்தி (நாட்டு மருந்து) குடிச்சாங்க, வாந்தி எடுக்க வெச்சாங்களான்னு மட்டும் கேளு. லித்தியத்துல இருக்கறவருக்கு ரெண்டு நாள் வாந்தின்னா என்ன ஆகும்னு மேல மருந்து மேசை அண்ணன் எழுதியிருக்கார்.

மரூன் பட்டி · 22 ஏப்ரல்

எஸிடிமெனியைச் சொல்லாமல் இந்த இழையை மூடக் கூடாது. 2015இல் கௌடெங் மாகாண சுகாதாரத் துறை லைஃப் எஸிடிமெனி என்ற தனியார் பராமரிப்பு நிறுவனத்துடன் ஒப்பந்தத்தை முறித்து, நாள்பட்ட மனநோயாளிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2016இல் அவசர அவசரமாகத் தொண்டு நிறுவனங்களுக்கு மாற்றியது. 144 பேர் செத்தார்கள். முன்னாள் நீதிபதி மொசெனெகெயின் நடுவர் தீர்ப்பு 2018 மார்ச்சில் வந்தது. அரசியலை மற்றவர்கள் பேசட்டும். நர்ஸ் பார்க்க வேண்டியது இது: ஃபைல் கூட வரவில்லை, மருந்துப் பட்டியல் வரவில்லை, யார் யாரென்றே தெரியாத ஆட்கள் வந்து இறங்கினார்கள். பேசாத ஒருவருக்கு வலிப்பு மருந்து உண்டு என்று யாருக்கும் தெரியாவிட்டால் அந்த மருந்து அன்றே நின்றுபோகும்.

ஆகவே மாற்றல் கடிதம். பெயர், படம், நோய், மருந்து, டோஸ், கடைசியாகக் கொடுத்த நேரம், அடுத்த டெப்போ தேதி, ஒவ்வாமை, எடை, எப்படிச் சாப்பிடுவார் (கூழா, கெட்டியா, ஊட்டணுமா), சொந்தக்காரர் எண். மருந்து எத்தனை நாளுக்குக் கையோடு போகிறது. எடையை எழுதாவிட்டால் அவர் இளைக்கிறார் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

இரண்டாம் வருஷம் · 2 மே

மூன்று தடவை படித்தேன். மாறுவது என்றால் இந்த வருஷத்தை விட்டுவிடுவதா, பி.ஏ.யை முடித்துவிட்டு வருவதா?

மரூன் பட்டி · 2 மே

நிதியுதவியில் படிக்கிறாயா? அப்படியென்றால் இன்றே நிதி அலுவலகத்தில் கேள். பொதுவாக உதவி முதல் பட்டத்துக்குத்தான். பி.ஏ.யை முடித்துவிட்டு வந்தால் நர்ஸிங் இரண்டாவது பட்டம். நடுவில் மாறினால் போன வருஷங்களும் உதவி கிடைக்கும் வருஷங்களின் எண்ணிக்கையில் ஏறும். இரண்டிலும் பணம் இருக்கிறது, உன் மார்க்கை விட இதுதான் முடிவு செய்யும்.

சொந்தப் பணம் என்றால் என் கருத்து: முடித்துவிட்டு வா. இன்னும் ஒன்றரை வருஷம்தான். நர்ஸிங் நாலு வருஷத்தில் ஒன்றிரண்டு பாடத்துக்கு விலக்கு கிடைக்கலாம், ஒரு வருஷமே குறையும் என்று நம்பாதே.

ராத்திரி டூட்டி · 2 மே

நான் மாறுபடறேன். பெட்பேன் தெரிஞ்சும் இன்னும் ஆசை இருந்தா இப்பவே மாறட்டும். ஒன்றரை வருஷம் சும்மாவா வருது? 😐

ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வேலை. ஜூலை லீவுல ஒரு பராமரிப்பு இல்லத்துல ரெண்டு வாரம் தன்னார்வமாப் போ. கவுன்செலிங் பக்கம் கேக்காத. சாப்பாட்டு நேரம், குளிக்கற நேரம் கேளு. தட்டு, ஸ்பூன் எண்ணி வாங்கறது, நாலு தடவை அதே கேள்விக்கு அதே பதில் சொல்றது, மாத்திரையை நாக்குக்கு அடியில ஒதுக்கறவரை முகம் சுளிக்காம வாயைத் திறக்கச் சொல்றது. அது சலிக்கலைன்னா உனக்கு இந்த வேலை.

மருந்து மேசை · 3 மே

விண்ணப்பம் சி.ஏ.ஓ. (மத்திய விண்ணப்ப அலுவலகம்) வழியாக, இந்த மாகாணப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரே படிவம். சுகாதாரப் படிப்புகளுக்குக் கடைசித் தேதி மற்றவற்றுக்கு முன்னாடியே வரலாம், கையேட்டில் அந்தந்தப் படிப்புக்கு எதிரே பார். பள்ளியில் லைஃப் சயன்ஸ் எடுத்தாயா, கணிதமா, அன்றாடக் கணக்கு மட்டும் வரும் மேத்ஸ் லிட்டரசியா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடு. ஹெபடைட்டிஸ் பி ஊசி இப்போதே தொடங்கு: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று. வார்டு ஏறுமுன் மூன்றும் முடிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் வருஷம் · 19 ஜூலை

இரண்டு வாரம் முடிந்தது. பெரியம்மாவிடம் ஆர் 425 முடிந்துபோன கதையைச் சொன்னேன், இன்னும் நம்பவில்லை. சி.ஏ.ஓ.வில் ஆர் 174ஐ முதல் இடத்தில் போட்டிருக்கிறேன். ஊசி இரண்டு ஆகிவிட்டது.

மருந்து மேசை · 19 ஜூலை

மூன்றாவது ஊசியின் ஆறு மாதம் முதல் ஊசியிலிருந்து எண்ணணும், இரண்டாவதிலிருந்து இல்லை. மே மாதம் தொடங்கியிருந்தால் நவம்பர். பரீட்சை மாதம், மறந்துவிடாதே.